அப்பாவின் மூன்று டப்பா: கீரைச் சத்து மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா?

மேகலை | சனி, காலை 9.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன தீபாவளி கழிந்த வாரம் சித்தப்பா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். அன்றிலிருந்து அப்பாவுக்கு எச்சில் விழுங்கினாலே சந்தேகம். இதைப் பார்த்துத் தம்பி பெங்களூரிலிருந்து மூன்று டப்பா மாத்திரை அனுப்பிவைத்தான். ஒன்றில் முருங்கை இலைச் சாறு. ஒன்றில் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின். மூன்றாவது, கேரட்டின் நிறச்சத்தான பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சேர்ந்தது. மாதம் 2,400 ரூபாய். மூன்றின் மேலும் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது, செல்களைக் காக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

காலையில் பல் துலக்கியதும் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திருநீறு வாங்கியவர் மாதிரி ஒரு நொடி கண்ணை மூடி நின்று, பிறகு விழுங்குகிறார். கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது. அம்மா கீரை ஆய்ந்து பொரியல் செய்துவைத்தால், “மாத்திரைதான் போட்டாயிற்றே” என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார். அம்மாவுக்கு அதில்தான் கோபம்.

கீரை, மஞ்சள், நெல்லிக்காயில் இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்பது உண்மையா? உண்மை என்றால் மாத்திரையாகப் போட்டாலும் அதே பலன்தானா?

சித்தவழி | சனி, காலை 9.50

சந்தேகமே வேண்டாம் சகோதரி. நெல்லி, கரிசாலை, பொன்னாங்கண்ணி, மஞ்சள் இவை உடலைத் தேற்றும் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. ஆங்கில மருத்துவம் இன்று கண்டுபிடித்ததாகச் சொல்வதெல்லாம் இங்கே பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் எதிலிருந்து வருகிறது? நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. மாத்திரை வேண்டாம், மூலிகையாகவே கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கருவாட்டுக்குழம்பு | சனி, காலை 10.03

2,400 ரூபாய்க்கு எங்கள் ஊரில் நூறு கட்டுக் கீரை வாங்கலாம். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஊதாக்குப்பி | சனி, பகல் 12.41

மேகலை அக்கா, நான் உயிர்வேதியியல் படித்தவன். முதுகலையில் என் ஆய்வே எங்கள் ஊர்ச் சந்தைக் கீரைகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறன்தான். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று சொன்னால், டப்பாவின் மேல் இருக்கும் வாசகத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கீரையை நிழலில் உலர்த்துவோம். மொறுமொறுவென்று ஆனதும் மிக்சியில் பொடித்து, மெத்தனாலில் ஓர் இரவு ஊறவைத்து, வடிதாளில் வடித்தால் கரும்பச்சையாகச் சாறு இறங்கும். இன்னொரு பக்கம் டிபிபிஎச் என்று ஒரு வேதிப்பொருள். துளியூண்டு போதும், குப்பி முழுவதும் கத்திரிப்பூ நிறமாகிவிடும். ஜோடி சேராத ஓர் எலக்ட்ரானை வைத்துக்கொண்டு தவிக்கும் மூலக்கூறு அது. கீரைச் சாற்றில் எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுக்கக்கூடிய பொருள், அதாவது ஆன்டிஆக்சிடன்ட், இருந்தால் வாங்கிக்கொண்டு அடங்கிவிடும். ஊதா வெளிறி மஞ்சளாகும். இரண்டையும் சேர்த்த சோதனைக் குழாய்களை அலமாரிக்குள் இருட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, 517 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். எத்தனை குறைந்த சாற்றில் பாதி ஊதா போகிறதோ அத்தனை உயர்ந்த மதிப்பெண்.

முருங்கை நன்றாகத் தேறியது, கறிவேப்பிலையும் தேறியது. கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் கொட்டிவைத்திருந்த தேயிலைச் சக்கையை விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தோம். அதுவும் தேறியது.

அந்தக் குழாயில் வயிறு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை. கீரையில் இந்த வேலையைச் செய்யும் பாலிஃபீனால் என்ற பொருள்களில் பெரும்பகுதி இரத்தத்துக்கு வந்துசேர்வதே இல்லை. வருகிற கொஞ்சத்தையும் கல்லீரல் வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறுகிறது என்று கண்டு மகிழ்ந்தார்கள். ஏன் ஏறுகிறது என்று 2004இல் தோண்டிப் பார்த்தால், பழத்தின் சர்க்கரையால் உடலுக்குள் யூரிக் அமிலம் கூடியதுதான் காரணம்! கால் பெருவிரலை வீங்கவைக்கும் அதே யூரிக் அமிலம்தான் நம் இரத்தத்தின் பெரிய ஆன்டிஆக்சிடன்ட்களில் ஒன்று. அமெரிக்க வேளாண்மைத் துறை இந்த மாதிரி ஆய்வக மதிப்பெண்களை உணவுவாரியாகப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருந்தது. மனித உடலில் நடப்பதற்கும் அந்த எண்களுக்கும் பொருத்தம் இல்லை, மாத்திரை விற்பவர்களுக்குத்தான் அது பயன்படுகிறது என்று 2012இல் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. டிபிபிஎச் மாதிரி ஜோடி சேராத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுக்குத்தான் ‘ஃப்ரீ ராடிகல்’ என்று பெயர். ‘ஃப்ரீ ராடிகல்’ என்றால் வில்லன், ஆன்டிஆக்சிடன்ட் என்றால் கதாநாயகன் என்பது விளம்பரக் கதை. நம் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்துவதே அந்த ராடிகல்களைத்தான். கதிர்வீச்சுச் சிகிச்சை புற்றணுவைக் கொல்வதும் பெரிதும் அவற்றைக் கிளப்பிவிட்டுத்தான்.

மேகலை | சனி, பிற்பகல் 2.15

தம்பி, இவ்வளவு எளிமையாக யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு சந்தேகம். பலன் இல்லை என்றால் பணம்தான் நஷ்டம், போகட்டும் என்று விடலாமா? அப்பாவுக்கு மனத்தெம்பாகவாவது இருக்கிறதே.

கணக்கன் | சனி, மாலை 4.30

விடக்கூடாது அம்மா. மூன்றாவது டப்பாவை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

கேள்வி நியாயமாகத்தான் தொடங்கியது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. அப்படியானால் பீட்டா கரோட்டினை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமே என்றார்கள். பின்லாந்தில் 1985இல் தொடங்கினார்கள். 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994இல் முடிவு வந்தபோது நடத்தியவர்களே ஆடிப்போனார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது!

அதே சமயம் அமெரிக்காவில் இன்னொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. 18,314 பேர். புகைப்பவர்கள், புகையை விட்டு ஆறு ஆண்டுகளுக்குள் ஆனவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள். பீட்டா கரோட்டின் 30 மில்லிகிராம், கூடவே வைட்டமின் ஏ. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு, சாவு 17 விழுக்காடு கூடுதல். குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே, 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் அப்பா பீடியை விட்டு இரண்டு வருடம் என்றீர்கள். அதனால்தான் அவசரமாகச் சொல்கிறேன்.

வைட்டமின் ஈ? 35,533 ஆண்களை வைத்து நடத்திய சோதனையில் தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதல் என்று 2011இல் தெரிந்தது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. சீனாவில் லின்ஷியன் என்ற ஊர்ப் பக்கம், வயிற்றுப் புற்றுநோயும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் மிக அதிகம், சாப்பாட்டில் சத்துக் குறைவு. அங்கே ஏறக்குறைய 30,000 பேரை வைத்து நடத்திய சோதனையில் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்துக் கொடுத்த பகுதியினருக்கு வயிற்றுப் புற்றுநோய்ச் சாவு 21 விழுக்காடு குறைந்தது. பள்ளமான இடத்தில் மண் கொட்டினால் மேடாகும். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியும்; பின்லாந்தில் வழிந்ததோடும் நிற்கவில்லை.

நெறியாளர் | சனி, மாலை 5.02

கைப்பேசி எண்ணோடு ‘100% குணம், கூரியரில் அனுப்பப்படும்’ என்றிருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாவது முறை வந்தால் கணக்கு முடக்கப்படும்.

சித்தவழி | சனி, மாலை 6.20

அந்தப் பதிவுகள் என்னுடையவை அல்ல என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

கணக்கன் ஐயா, நீங்கள் காட்டும் சோதனைகள் எல்லாமே தொழிற்சாலை மாத்திரை. ஒரு சத்தைத் தனியே பிரித்தெடுத்தால் அது மூலிகை ஆகுமா? நான் சொல்வதும் அதுதானே. கீரையைக் கீரையாகச் சாப்பிடுங்கள். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள். இதில் எங்கே சண்டை? ஊதாக்குப்பித் தம்பி நித்தியகல்யாணியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

மஞ்சக்காட்டான் | சனி, இரவு 8.11

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரு விவசாயியின் வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயப்போட்டு, மெருகேற்றித்தான் மண்டிக்குப் போகிறது. நூறு கிராம் மஞ்சளில் குர்குமின் சுமாராக மூன்று கிராம்தான். குழம்புக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1995இல் காப்புரிமை வாங்கியதும், நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து மனு கொடுத்து 1997இல் அதை ரத்து செய்யவைத்ததும் எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சாக இருந்தது. பெருமைதான். ஆனால் மஞ்சள் தூசியிலேயே பிறந்து, மஞ்சள் தூசியிலேயே வாழ்ந்த என் பெரியப்பா குடல் புற்றுநோயில்தான் போனார். களத்தில் நடந்தால் அவர் பாதம் மஞ்சளாக இருக்கும், சாகும்வரை அந்த நிறம் போகவில்லை.

இன்னொரு விஷயம். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பொடி வாங்காதீர்கள். ஈய குரோமேட் என்ற சாயத்தைச் சிலர் கலக்கிறார்கள். பங்களாதேஷில் இது பெரிய பிரச்சினையாகி ஆய்வே நடந்தது. கிழங்காக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது.

ஊதாக்குப்பி | சனி, இரவு 10.35

சித்தவழி ஐயா, வாயைத் திறக்கிறேன்.

வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருவது உண்மை. 1950களில் கனடாவில் அந்தச் செடி சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் இறங்கின. அந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மருந்து வந்தது. ஆனால் அது ஆன்டிஆக்சிடன்ட் வேலை அல்ல. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டிக்கொள்ளும் சாரத்தைக் கட்டவிடாமல் செய்கிற நஞ்சு அது. அளவு தவறினால் நரம்பு போகும், அதனால்தான் மருத்துவமனையில் அளந்து இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அந்த இலையைக் கஷாயம் வைக்கச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

குர்குமினைப் பற்றி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நல்ல வேலை ஒன்று நடந்தது. நெடுநாள் புகைப்பவர்கள் 16 பேருக்குத் தினம் ஒன்றரை கிராம் மஞ்சள், 30 நாள். அவர்களின் சிறுநீரில் மரபணுவைக் கெடுக்கும் பொருள்கள் குறைந்தன. 1992இல் வெளியானது. எனக்குப் பிடித்த ஆய்வு அது, ஏனென்றால் கொடுத்தது சமையல் மஞ்சள், சமையல் அளவுக்குப் பக்கத்தில். ஆனால் 16 பேரின் சிறுநீரிலிருந்து ‘புற்றுநோய் வராது’ என்ற இடத்துக்குப் போகும் பாதை நீளமானது. குர்குமினை வைத்து அதை இன்னும் யாரும் கடந்து காட்டவில்லை. பெங்களூரில் 1998இல் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் 20 மடங்கு ஏறுகிறது என்று கண்டார்கள். உடனே மாத்திரைக்காரர்கள் மிளகுச் சத்தையும் சேர்த்துவிட்டார்கள். அதே பைப்பரின் வேறு சில மருந்துகளையும் இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதை டப்பாவில் போடுவதில்லை. இப்படிப்பட்ட குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் யாருடைய கல்லீரலையும் கெடுக்காது. மாத்திரை வேறு பொருள்.

பாலைவனத் தூது | ஞாயிறு, காலை 7.20

முள்சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று ஒரு செய்தி எங்கள் அறைக்காரர்கள் எல்லாருக்கும் வந்திருக்கிறது. துபாயில் ஒரு பழம் என்ன விலை தெரியுமா? அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கணக்கன் | ஞாயிறு, காலை 7.58

குழாய்ச் சோதனையில் வந்த எண் அது. மனிதர்களிடம் காட்டியதில்லை. கரீபியன் கடலில் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நடுக்குநோய் அதிகம் என்று 1999இலேயே எழுதியிருக்கிறார்கள். அதில் இருக்கும் அனோனசின் என்ற பொருள் நரம்புக்கு ஆகாது. ஆசைக்கு ஒரு துண்டு சாப்பிடுங்கள், மருந்தாக வேண்டாம். கொய்யா மலிவு.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 8.40

இழையை முழுவதும் படித்தேன். புற்றுநோய்ப் பிரிவில் பதினோரு வருடமாகச் செவிலியர் நான். எல்லாரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள், அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மேகலை, அப்பா வெற்றிலைபாக்குப் போடுவாரா? சித்தப்பா போடுவாரா?

மேகலை | ஞாயிறு, காலை 9.05

போடுவார் அக்கா. இரண்டு பேருமே. ஆனால் புகையிலை கிடையாது, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்கப் பழகியது, நாற்பது வருடம் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. பீடியை விட்டபிறகு கூடியிருக்கிறது. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்ததும் அடுத்த வேலை அதுதான். அது நல்லதுதானே, செரிமானத்துக்கு?

சித்தவழி | ஞாயிறு, காலை 9.22

தாம்பூலம் நம் மரபு. வெற்றிலைச் சாறு கபத்தை அறுக்கும், சுண்ணாம்பு எலும்புக்கு நல்லது. புகையிலை சேர்த்தால்தான் கேடு. நானே தினம் இரண்டு வேளை தரிப்பவன்.

ஊதாக்குப்பி | ஞாயிறு, காலை 10.17

என் ஆய்வேட்டில் எழுதாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கீரைகளைச் சோதித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் ஆய்வக உதவியாளர் ஐயா ஒருவர் எப்போதும் பாக்கு மென்றுகொண்டிருப்பார். “என் பாக்கையும் போட்டுப் பாரேன்” என்று ஒருநாள் களிப்பாக்கில் நாலு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இடித்து, ஊறவைத்து, வடித்தோம். செங்கல் நிறச் சாறு. குழாயில் விட்டதும் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, கண்ணெதிரே ஊதா போய்விட்டது. முருங்கையைவிட மேல், கறிவேப்பிலையைவிட மேல். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “பார்த்தாயா, மருந்தைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்” என்றார். நாங்களும் சிரித்தோம்.

பாக்கில் டானின், கேட்டச்சின் என்ற பாலிஃபீனால்கள் கொட்டிக்கிடக்கின்றன, அதனால்தான் அந்த மதிப்பெண். ஆனால் வாயில் பாக்கு தனியாக இருப்பதில்லை, சுண்ணாம்பு சேர்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அதே கேட்டச்சின்கள் தாமே ஆக்சிஜனோடு சேர்ந்து, எதை அடக்கும் என்று சொன்னோமோ அதே ராடிகல்களை உண்டாக்குகின்றன. இரட்டை வேஷம். கூடவே பாக்கிலிருக்கும் அரெகோலின் என்ற பொருளும் செம்பும் கன்னத்தின் உள்தோலில் நார்த்திசுவை வளர்த்து இறுக்கிவிடுகின்றன. புகையிலையே சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதுதான், பாக்கு தனியாகவே அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. சிகரெட் இருக்கும் அதே வகை. வாய் மட்டுமல்ல, உணவுக்குழாயும் அந்தக் கணக்கில் வருகிறது. சித்தப்பாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன் அக்கா.

ஊதாவை மஞ்சளாக்கியது எது என்று கேட்டால் என் குழாய் பாக்கு என்றுதான் சொல்லும். அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

தேயிலைக்கொழுந்து | ஞாயிறு, பகல் 11.50

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் வெற்றிலைப் பையோடுதான் போவார்கள். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. நாள் முழுவதும் கை வைத்துப் பறிப்பது உலகமே ஆன்டிஆக்சிடன்ட் என்று கொண்டாடும் இலை, குடிப்பதும் அதன் சாயம்தான். ஆனாலும் இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் நிற்கிறது, எங்கள் தோட்ட லயன் வீடுகளில் பெண்களுக்கும் வருகிறது. அம்மம்மாவின் கன்னத்தில் வந்தது. கடைசி மாதங்களில் தேநீரைக்கூடக் கரண்டியால்தான் ஊற்றினோம்.

இரவுப்பணி | ஞாயிறு, பகல் 12.30

மேகலை, பயமுறுத்த வரவில்லை. ஒரு வேலை சொல்கிறேன், இப்போதே செய்யலாம்.

அப்பாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயை முழுவதும் திறக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே செங்குத்தாக வைக்கச் சொல்லுங்கள். அவருடைய விரல், உங்களுடையது அல்ல. மூன்றும் நுழைய வேண்டும். பிறகு டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, பளிங்கு மாதிரி வெளிறிய தோல், இரண்டு வாரமாக ஆறாத புண், இதில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் போக வேண்டும். காரம் பட்டால் எரிகிறதா என்றும் கேளுங்கள்.

டார்ச் அடித்துப் பார்ப்பதெல்லாம் ஒரு வைத்தியமா என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் இதைச் சோதனையாகவே நடத்தினார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கணக்கன் ஐயா சொன்ன மாத்திரைகளில் எதுவும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை.

சித்தவழி | ஞாயிறு, பகல் 1.04

எனக்கு மூன்று விரலும் நுழைகிறது. சொல்லிவைக்கிறேன்.

கணக்கன் | ஞாயிறு, பகல் 1.20

ஐயா, மகிழ்ச்சி. விட்டுவிட்டால் இன்னும் மகிழ்ச்சி.

மேகலை அம்மா முதலில் கேட்டதற்கு, அதாவது கீரையைக் கீரையாகச் சாப்பிட்டால் என்ன என்பதற்கு, இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் ஏறக்குறைய நாலே முக்கால் இலட்சம் பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தினம் 200 கிராம் காய், பழம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் மொத்தத்தில் 3 விழுக்காடுதான் குறைவு. சின்ன எண், ஆனால் பூஜ்யம் இல்லை. நார்ச்சத்துக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இதைவிடத் தெளிவானது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாரைத் தின்று பியூட்டிரேட் என்று ஒன்றைச் செய்கின்றன, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சோறு. இந்த மூன்று மாத்திரையிலும் அந்த நார் கிடையாது. அதனால் உங்கள் அம்மாவின் கோபம் முழுக்க நியாயம்.

மேகலை | ஞாயிறு, மாலை 6.48

பார்த்தேன்.

இரண்டு விரல்தான் போயிற்று. மூன்றாவதை அழுத்தப் பார்த்தார், “பல் இடிக்கிறது” என்று சிரித்தார். டார்ச்சில் பார்த்தால் கன்னத்தின் உள்பக்கம் சிவப்பாகவே இல்லை, கழுவிய வெங்காயத் தோல் மாதிரி வெளிறிப்போய், விரலால் தொட்டால் கயிறு கயிறாகத் தட்டுப்படுகிறது. ரசம் எரிகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மிளகு கூடிவிட்டது என்று அம்மாவைத்தான் திட்டுவார். கீரையை ஒதுக்கியதுகூட மாத்திரைக்காக மட்டும் இல்லை, அதில் போடும் காய்ந்த மிளகாய்க்காகவும்தான் என்று இன்றுதான் சொன்னார்.

நாளை பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம்.

கருவாட்டுக்குழம்பு | ஞாயிறு, மாலை 7.10

போய்வாருங்கள் அக்கா. எது சொன்னாலும் இங்கே எழுதுங்கள்.

மேகலை | வியாழன், இரவு 9.33

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே போய் வரிசையில் நின்றோம். வாயில் நார்த்திசு இறுக்கம், ஆங்கிலத்தில் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாய் திறப்பு 27 மில்லிமீட்டர். ஓரிடத்தில் சின்னதாகச் சதை எடுத்து அனுப்பினார்கள், இன்று முடிவு வந்தது. புற்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பாக்கு இனிமேல் கிடையாது என்று அந்த இளம் மருத்துவர் சொன்ன விதத்தில் அப்பா முதல்தடவையாகப் பேசாமல் இருந்தார். வாய்ப்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பீட்டா கரோட்டின் டப்பாவைக் காட்டினேன். நிறுத்தச் சொன்னார். இதெல்லாம் சரி. ஆனால் சீட்டில் அவரே ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், லைக்கோபீன். மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்தால் மேலே என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ‘ஆன்டிஆக்சிடன்ட்.’ தம்பிக்குப் போன் செய்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறான், “நான் வாங்கிக் கொடுத்ததைத்தானே அவரும் எழுதியிருக்கிறார்” என்று. ஊதாக்குப்பித் தம்பி, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊதாக்குப்பி | வியாழன், இரவு 11.02

புற்று இல்லை என்ற வரியைப் படித்தபிறகுதான் மூச்சு வந்தது அக்கா.

லைக்கோபீன் தக்காளியின் சிவப்பு. இந்த வாய் இறுக்கத்துக்கு நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எரிச்சல் குறைகிறதா, வாய் எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார்கள்; சின்னச் சின்ன சோதனைகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதற்காகத்தான் எழுதியிருக்கிறார். நோய் இது, அளவு இது, இத்தனை மாதம், பிறகு மறுபடி அளப்போம் என்ற கணக்கில் கொடுப்பது. புற்றுநோயைத் தடுக்கும் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், கேட்டுப் பாருங்கள். தம்பி வாங்கிய டப்பாவில் நோயும் இல்லை, அளவுகோலும் இல்லை. பின்லாந்துக்காரர்களும் அளந்ததால்தான் கெடுதல் தெரிந்தது.

நானே என் வாயால் ‘ஆன்டிஆக்சிடன்ட் என்றால் கதாநாயகன் என்பது விளம்பரக் கதை’ என்று சனிக்கிழமை எழுதியதை இப்போது திருப்பிப் படித்தேன். கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறேன். இருக்கட்டும்.

பாக்கு நின்றால்தான் அந்த மாத்திரைக்கும் வேலை. இறுக்கம் முழுவதும் திரும்பிப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மேலே ஏறாமல் நிற்பதே பெரிது. தக்காளியைச் சாப்பாட்டிலும் சேர்க்கலாம். வேகவைத்து எண்ணெய் சேர்த்தால் லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். எரிச்சல் இருக்கும்வரை மிளகாய் வேண்டாம்.

இரவுப்பணி | வெள்ளி, காலை 6.15

பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். மேகலை, பீடி விட்டபோது பாக்குக் கூடியது என்றீர்களே, பாக்கு விடும்போது பீடி திரும்பி வரும். முதல் மூன்று வாரம் கவனம். வாய் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும், சோம்பு கொடுத்துப் பாருங்கள். எரிந்தால் வெறும் பொரிகடலை.

மேகலை | வெள்ளி, இரவு 8.20

பொரிகடலைதான் ஓடுகிறது அக்கா, சட்டைப்பை நிறைய. நேற்றிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மத்தியானம் முருங்கைக்கீரையை மிளகாய் போடாமல், பாசிப்பருப்பும் தக்காளியும் சேர்த்துக் கடைந்துவைத்தாள். சாப்பிட்டுவிட்டு “உப்புப் பற்றவில்லை” என்றார். தட்டில் ஒன்றும் ஒதுக்கியிருக்கவில்லை.

பிறகு எழுந்துபோய் அலமாரி, பரண், தையல் மிஷின் இழுப்பறை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாக்குவெட்டியை அம்மா எங்கே வைத்திருக்கிறாள் என்று என்னிடமும் சொல்லவில்லை.